சிம்முல வை

மார்கழி விடியலில் காஞ்சிபுரம் பக்கத்துத் திருப்புட்குழியில் 20 டிகிரி இருந்தாலே போதும், குரங்குக் குல்லாவும் மப்ளரும் பரணிலிருந்து இறங்கிவிடும். வாசலில் கோலம் போடும் அம்மாவும் அந்தக் குல்லாவுக்குள்தான் இருப்பார். அந்த நேரத்தில் டொரண்டோவில் முந்தின நாள் மாலை. பத்தரை மணி நேரம் பின்தங்கி ஓடும் ஊர் அது. வெளியே மைனஸ் 18. ஸ்கார்பரோவில் ஓர் அடுக்ககத்தின் ஒன்பதாம் மாடியில், காஞ்சிப் பட்டு நெய்தவரின் மகன் பீஃப் ஸ்டூ வைக்க முண்டாசு கட்டிக்கொண்டு நின்றார்.

அலுவலக நண்பர் ஒருவர் மதியம் திறந்த டப்பாவின் வாசனைதான் எல்லாவற்றுக்கும் காரணம். செய்முறை கேட்டதற்கு, "ரொம்ப சுலபம்" என்றார் அவர். சமையல்காரர் சொல்லும் 'ரொம்ப சுலபம்', வீட்டுத் தரகர் சொல்லும் 'பஸ் ஸ்டாண்டு பக்கம்தான்' வகையைச் சேர்ந்தது.

இது இரண்டாம் முயற்சி. போன ஞாயிற்றுக்கிழமை, கொழுப்போ ஜவ்வோ இல்லாத, பார்க்க லட்சணமான கறியை அதிக விலைக்கு வாங்கி வந்து மூன்று மணி நேரம் வேகவைத்தார். கிடைத்தது தேங்காய் நார். ஸ்டூவுக்கு வேண்டியது மாட்டின் தோள்பட்டை. நாளெல்லாம் உழைத்த தசை, நடுவில் ஜவ்வு ஓடும், விலையும் குறைவு. இம்முறை அதையே வாங்கினார்.

வறுப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. கறியை முதலில் வறுத்தால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையை 19ஆம் நூற்றாண்டில் பரப்பியவர் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக். அது தவறு. சாறு போவது போய்க்கொண்டேதான் இருக்கும். ஆனாலும் வறுக்க வேண்டும். 1912இல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கிய வேதிவினைதான் அந்தப் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகிறது. நம்மவர் ஒரு கிலோவையும் ஒரே ஈடாகச் சட்டியில் கொட்டினார். தண்ணீர் விட்டுக்கொண்டு, கறி வறுபடாமல் குளித்தது. பாதியை வெளியே எடுத்து, நாலைந்து துண்டாகப் போட்டுப் புரட்டிய பிறகுதான் நிறம் வந்தது. அப்புறம் வெங்காயம், கேரட், தக்காளி விழுது, பிரிஞ்சி இலை, தண்ணீர். எத்தனை விசில் என்று செய்முறையில் ஒரு வார்த்தை இல்லை. விசில் இல்லாமல் தமிழனுக்குக் காலம் எப்படி நகரும்?

ஒன்றரை மணி நேரமாகியும் கறி அசையவில்லை. வீடியோ அழைப்பில் அம்மா வந்தார்.

"அடுப்புல என்னடா?"

"கறிம்மா."

"என்ன கறி?"

"இந்த ஊர்க் கறிம்மா."

கறி என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். சங்கத் தமிழில் கறி என்றால் மிளகு. அந்தக் கணக்கில் அவர் பொய் சொல்லவில்லை, கொஞ்ச நேரத்தில் மிளகும் போடத்தான் போகிறார்.

அப்பா போனை வாங்கினார். "தளதளன்னு கொதிக்குதா?"

"ஆமாம்பா."

"அதான் தப்பு. சிம்முல வை."

கறியைப் பற்றி அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது; பட்டைப் பற்றித் தெரியும். கச்சாப் பட்டு நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு, புழு சுரந்த செரிசின் என்ற பசை. சாயம் ஏறுமுன் நூலைச் சோப்புத் தண்ணீரில் அவித்து அதை எடுப்பார்கள். தண்ணீர் கொதிநிலையைத் தொடாமல் அதற்குக் கொஞ்சம் கீழேயே நிற்க வேண்டும். துள்ளிக் கொதித்தால் நூல் சிக்கலாகும். கறியின் ஜவ்விலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. மெல்லிய சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அது ஜெலட்டினாகக் கரைந்து குழம்பில் இறங்கும். பட்டில் பசையைக் கீழே கொட்டுகிறோம், ஸ்டூவில் பசையைத்தான் சாப்பிடுகிறோம்.

தீயைக் குறைத்துவிட்டு ருசி பார்த்தார். சாந்தமான ருசி. குளிருக்கு இது காணாது என்று, ஒரு சிட்டிகை என்றிருந்த இடத்தில் இரண்டு தேக்கரண்டி மிளகைத் தட்டிப் போட்டார். பூண்டும் சீரகமும் பின்னாலேயே போயின. இப்போது சட்டியில் இருப்பது ஸ்டூதானா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் இதே வேலையைச் சென்னப்பட்டணத்து வெள்ளைக்காரர்கள் எப்போதோ தலைகீழாகச் செய்துவிட்டார்கள். நம் மிளகுத்தண்ணியில் கறியைப் போட்டு 'மல்லிகட்டானி' என்று பெயர் வைத்தார்கள். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி அந்தச் சொல் தமிழிலிருந்து வந்தது என்கிறது. சென்னை மாகாண அதிகாரிகளுக்கே 'மல்' என்று பட்டப்பெயர் இருந்ததாம். ரசத்தால் பெயர் வாங்கிய அரசாங்கம் வேறெங்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஏழு மணிக்கு மறுபடி அழைப்பு. அங்கே கோலம் முடிந்து பூசணிப்பூ வைத்தாகிவிட்டது.

"ரொட்டிக்கா, சோத்துக்கா?" என்றார் அம்மா.

"சோத்துக்குத்தாம்மா."

அப்பா குறுக்கே வந்தார். "ஒரு சொட்டு எடுத்து ரெண்டு விரலால தேச்சுப் பாரு. ஒட்டுதா?"

தேய்த்துப் பார்த்தார். "ஒட்டுதுப்பா."

"பசை எறங்கிடுச்சு. அடுப்ப அணை."