குரு இல்லாத வீணை

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு அகில இந்திய வானொலியில் தேசிய சங்கீத நிகழ்ச்சி தொடங்கும் என்பது, அறுபதுகளின் தருமபுரியில் ரேடியோ வைத்திருந்த வீடுகளுக்கும் தெரியும், ரேடியோ இல்லாத வீடுகளுக்கும் தெரியும். இல்லாதவர்கள் ஒன்பது மணிக்கே சாப்பாட்டை முடித்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். சேலத்திலிருந்து பிரிந்து 1965இல் தனி மாவட்டமான எங்கள் ஊருக்குச் சென்னை நிலையம் ஏறி இறங்கித்தான் கேட்கும். வால்வு சூடாகிச் சத்தம் எழும்வரை காத்திருந்து, அப்பா முள்ளை மெல்ல மெல்ல நகர்த்தி, இரைச்சலுக்கு நடுவே ஒரு தம்புராவைக் கண்டுபிடித்ததும் திண்ணையில் பேச்சு அடங்கிவிடும். அந்தக் காத்திருப்பின் சுகம் உங்களில் பலருக்கும் நினைவிருக்கும்.

எஸ். பாலசந்தரின் வீணை எங்களிடம் வந்து சேர்ந்தது அப்படித்தான். பின்னாளில் புகழ்பெற்ற இயக்குநர் கே. பாலசந்தர் வேறு; இவர் வீணை பாலசந்தர், 1927இல் சென்னையில் பிறந்தவர். சின்னஞ்சிறு வயதில் அண்ணன் எஸ். ராஜம் பாடக் கஞ்சிரா வாசித்து, பிறகு சிதாரைத் தொட்டு, கடைசியில் வீணையில் நிலைத்தார். வீணையை அவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த குரு யாரும் கிடையாது. நடுவே சினிமாவும் எடுத்தார். பாட்டு இல்லாமல் தமிழ்ப்படமே இல்லை என்றிருந்த 1954இல், ஒரு பாட்டுகூட இல்லாத 'அந்த நாள்' படத்தை இயக்கியவர் இவர்தான் என்று அப்பா சொன்னபோது, இத்தனை இசையை விரலில் வைத்திருந்தவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

பலா மரத்தில் கடைந்த வீணையில், மெழுகில் பதித்த இருபத்து நான்கு மெட்டுகள். வாசிக்க நான்கு தந்திகள், தாளத்துக்கு மூன்று. அவர் ஒரே மெட்டில் விரலை வைத்துக்கொண்டு தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அந்த ஓர் இடத்திலிருந்தே அடுத்தடுத்த சுரங்களை எழுப்புவார். மீட்டிய ஒலி தேயும் முன் ராகம் முழுசாக எழுந்து நிற்கும். பிறகு அது போய்விடும். திரும்பக் கேட்க வழியில்லை. அதனால் மறுநாள் கடைவீதிக்குப் போகும் வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு, அந்த இழுப்பு மத்தியமத்தில் நின்றதா பஞ்சமத்தைத் தொட்டதா என்று திண்ணை நண்பர்களோடு வழக்காடியபடி நடப்போம்.

வீணை ரேடியோவில் வந்தது என்றால், கிட்டார் எங்கள் காதுக்கு வந்தது சினிமா வழியாக. 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபோது, 'இளைய நிலா' பாட்டின் கிட்டாருக்காகவே டீக்கடையில் நின்றவர்கள் உண்டு. சுகுமார் பிரசாத் அதே கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். சென்னை ஐஐடியில் படித்துப் பொறியாளரான பிரசன்னா, அதை உலக மேடைகளுக்கு எடுத்துப்போனார். இன்று தருமபுரியில், என் பேத்தி கைப்பேசியை எதிரே சாத்திவைத்துக்கொண்டு கிட்டார் பழகுகிறாள். பிரசன்னாவை நிறுத்துகிறாள், பாதி வேகத்தில் ஓடவிடுகிறாள், ஒரே இழுப்பைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். 1990இல் மறைந்த பாலசந்தரும் அதே கைப்பேசியில் அவளுக்காக எந்நேரமும் காத்திருக்கிறார்.

இது பெரிய வரம். வாத்தியாரைத் தேடிச் சேலத்துக்கோ சென்னைக்கோ போக முடியாமல், ஆசையை மனதோடு வைத்துக்கொண்ட எத்தனையோ பிள்ளைகளை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். குரு இல்லாமல் கற்பது அன்று ஒரு பாலசந்தருக்குக் கைகூடிய அதிசயம். இன்று அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் அவர் குரு இல்லாமல் கற்றாரே தவிர, கேட்காமல் கற்கவில்லை. வித்வான்கள் வந்துபோன வீட்டில், பாடுகிறவர்களுக்கு நடுவே வளர்ந்த காது அது. எங்கள் திண்ணை எங்களுக்குத் தந்ததும் அந்தக் காதைத்தான்: நாலு பேரோடு உட்கார்ந்து, முழுசாக, ஒரே மூச்சில் கேட்பது.

அதனால் பேத்தியிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: "முதல் தடவை மட்டும் நிறுத்தாம கேளு கண்ணு, என்னையும் பக்கத்துல உட்கார வச்சுக்கோ." அதன்பின் எத்தனை துண்டாக வேண்டுமானாலும் வெட்டிப் பழகட்டும். சம்மதித்திருக்கிறாள். சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் இருவரும் கேட்கிறோம். எதிர்வீட்டுப் பையனும் இப்போது வரத் தொடங்கியிருக்கிறான்.