புறம்போக்கில் மைல்கல் நடலாமா? பேஸ்பால் அவுட்ஃபீல்டரின் சாதனைகள் குறித்து ஒரு நில அளவை ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பேஸ்பாலில் களம் காக்கும் அணியினர் ஒன்பது பேர். அவர்களில் மூவர் மட்டும் மற்றவர்களை விட்டு விலகி, தொலைவில் புல்வெளியில் நிற்பர். இவர்களே அவுட்ஃபீல்டர்கள். இடம், நடு, வலம் என மூவகைப்படுவர். உள்ளே ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே 90 அடி; எந்த ஊரானாலும் இம்மி பிசகாது. வெளியே வேலி ஊருக்கு ஊர் ஒவ்வொரு தூரத்தில் நிற்கும். வருவாய்த் துறைக் கணக்கில் சொன்னால் உள்ளே பட்டா நிலம், வெளியே புறம்போக்கு.

இப்புறம்போக்குவாசிகளின் சாதனைகள் ஏடுகளில் விரிவாக ஏறியிருக்கின்றன. எத்தனை, எப்போது, யாரை முந்தி என்ற மூன்று கேள்விகளுக்கும் அவற்றில் விடை உண்டு. ‘எந்த இடத்தில் நின்றுகொண்டு?’ என்ற நான்காம் கேள்விதான் கேட்பாரற்றுக் கிடக்கிறது. உலகம் இத்தனை நாள் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டது என்பது தனி ஆய்வுக்குரியது.

2. கருதுகோள்

அவுட்ஃபீல்டரின் மைல்கல் எதுவும் அவுட்ஃபீல்டில் நடப்படுவதில்லை.

3. சான்றுகள்

சான்றாக எடுத்துக்கொண்டவர் ரிக்கி ஹென்டர்சன். 1979 முதல் 2003 வரை 25 பருவங்கள், ஒன்பது அணிகள். நின்ற இடம் பெரும்பாலும் லெஃப்ட் ஃபீல்ட். இனி அவருடைய கற்களை ஒவ்வொன்றாக அளப்போம்.

முதல் கல்: 1991 மே 1, ஓக்லாண்ட். பிட்சர் பந்து வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதற்கு ‘ஸ்டீல்’ என்று பெயர். இதில் லூ பிராக் 938 முறை வென்று சாதனை வைத்திருந்தார். அவரும் லெஃப்ட் ஃபீல்டர் என்பது நோக்கத்தக்கது. அன்று ஹென்டர்சன் மூன்றாம் பேஸை நோக்கித் தலைகுப்புறப் பாய்ந்து 939-ஐ எட்டினார். எழுந்தார். 15 அங்குலச் சதுரமான அந்த பேஸைத் தரையிலிருந்து பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கல்லை நடுவதுதான் உலக வழக்கு. இவர் நட்டிருந்ததையே பெயர்த்தார். அவர் வேலை பார்க்கும் புல்வெளி அங்கிருந்து சில தப்படிதான். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்று துணியலாம். ஓய்வுபெறும்போது இந்தக் கணக்கு 1,406.

இரண்டாம் கல்: 2001 ஏப்ரல் 25. பிட்சர் எல்லைக்கு வெளியே நான்கு பந்து போட்டு, ஆடுபவர் மட்டையை வீசாமல் விட்டுவிட்டால் முதல் பேஸ் இனாம். இந்த வகையில் பேப் ரூத்தின் 2,062-ஐ ஹென்டர்சன் அன்று முந்தினார். ஆழ்ந்து நோக்கின், இது சும்மா நின்றதற்குக் கிடைத்த சாதனை. மட்டை பிடிக்கும் இடமான ஹோம் பிளேட்டில் சும்மா நின்றால் வரலாறு. அதே மனிதர் அதே உடுப்பில் லெஃப்ட் ஃபீல்டில் சும்மா நின்றால் வெறும் சம்பளம். செயல் ஒன்றே, இடம்தான் வேறு. கருதுகோளுக்கு இதைவிடக் கெட்டியான ஆதாரம் வேண்டுவதில்லை.

மூன்றாம் கல்: அதே ஆண்டு அக்டோபர் 4. டை காபின் 2,245 ரன் சாதனையை முறியடிக்கும் ரன், பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் ஹோம் ரன்னாகவே வந்தது. ஹோம் ரன் அடித்தவரை யாரும் அவுட் ஆக்க முடியாது. பாட்டுப் பாடிக்கொண்டே நடந்து வரலாம். ஹென்டர்சனோ ஹோம் பிளேட்டில் காலை நீட்டிச் சறுக்கி விழுந்தார். கல் எந்த இடத்தில் நடப்படுகிறது என்பதில் பிற்கால ஆய்வாளருக்கு ஐயம் வரக்கூடாது என்ற நல்லெண்ணமே காரணம் என்க.

நான்காம் கல்: மூன்று நாள் கழித்து, 3,000-ஆவது ஹிட், அதாவது பந்தை அடித்து பேஸை எட்டியது. இம்முறை பந்து ரைட் ஃபீல்டில் போய் விழுந்தது உண்மை. ஆனால் அங்கே நின்றவர் எதிரணிக்காரர்.

4. தடையும் விடையும்

‘வில்லி மேஸின் கேட்சை மறந்தீரோ?’ எனின், மறக்கவில்லை. 1954 செப்டம்பர் 29, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ், உலகத் தொடரின் முதல் ஆட்டம். எட்டாம் இன்னிங்ஸ், இரு அணிக்கும் தலா 2 ரன், எதிரணியார் இருவர் பேஸில். விக் வெர்ட்ஸ் அடித்த பந்து 400 அடிக்கும் மேல் பறந்தது. மேஸ் மைதானத்துக்கு முதுகைக் காட்டி ஓடி, தோளுக்கு மேலாக வந்த பந்தை ஏந்தி, தொப்பி கழன்று விழச் சுழன்று திருப்பி எறிந்தார். ரன் எதுவும் ஏறவில்லை. பத்தாம் இன்னிங்ஸில் மேஸின் அணியான ஜயன்ட்ஸ் வென்றது. கணக்கேட்டில் இதற்கு மதிப்பு: ஓர் அவுட். நின்ற இடத்திலேயே கொட்டாவி விட்டுக்கொண்டு பிடிக்கும் பந்துக்கும் அதே ஓர் அவுட்தான். 1964-இல் அந்த மைதானத்தை இடித்து, பிறகு அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். அங்கே ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். அது சுட்டுவது ஹோம் பிளேட் இருந்த இடத்தை.

‘அட்லாண்டாவில் கல் இருக்கிறதே?’ எனின், இருக்கிறது. 1974 ஏப்ரல் 8 அன்று, தாமும் அவுட்ஃபீல்டரான ஹாங்க் ஆரன், சாதனை படைத்த 715-ஆவது ஹோம் ரன்னை லெஃப்ட் ஃபீல்டுக்கு மேலாக அனுப்பினார். டாட்ஜர்ஸ் லெஃப்ட் ஃபீல்டர் பில் பக்னர் வேலியில் ஏறிப் பார்த்தும் பந்து அப்பால் போயிற்று. மைதானம் இடிந்து கார் நிறுத்துமிடம் ஆன பிறகும் பந்து விழுந்த இடத்துக்கு அடையாளம் வைத்தார்கள். அது வேலிக்கு அந்தப் புறம். வேலியேறியவருக்கு அதில் பாத்தியதை இல்லை.

‘கோல்ட் க்ளவ் விருது?’ எனின், களம் காப்பதற்காகப் பருவத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் மேலாளர்கள், பயிற்சியாளர்களின் ஓட்டை வைத்துத் தருவது அது. அவுட்ஃபீல்டர் இச்சிரோ சுசுகி 2001 முதல் 2010 வரை தொடர்ந்து பத்து வாங்கினார். ஆயினும் அவர் பெயரைச் சொன்னதும் ஏடு புரட்டுவோர் எடுத்துக் காட்டுவது 2004-இல் அடித்த 262 ஹிட்.

‘ஓக்லாண்ட் மைதானத்துக்கே 2017-இல் ஹென்டர்சன் பெயரை வைத்தார்களே, லெஃப்ட் ஃபீல்டும் அதில் அடங்குமே?’ எனின், வலுவான தடைதான். ஆனால் 2024 பருவத்தோடு அணியே ஊரைக் காலி செய்துவிட்டது. ஆகவே தள்ளுபடி.

5. முடிவும் பரிந்துரையும்

கருதுகோள் நிறுவப்பட்டது. காரணமும் தெளிவு. ஸ்கோர்போர்டின் கடைசியில் மூன்று கட்டங்கள் இருக்கும்: ரன், ஹிட், எரர். முதல் இரண்டும் மட்டை பிடித்தவருக்கு. களம் காப்பவர் அந்தப் பலகைக்குள் நுழைய ஒரே வாசல் மூன்றாவது. அதாவது தப்புச் செய்தால் இடம் உண்டு.

எனவே இனிமேல் அவுட்ஃபீல்டர் சாதனை படைக்கும்போதெல்லாம் அவர் வழக்கமாக நிற்கும் புல்வெளியிலேயே கருங்கல் ஒன்று நடுமாறு பரிந்துரைக்கிறோம். ஓடும்போது இடறமாட்டாரா என்று சிலர் கேட்கலாம். இடறுவார். பந்தும் நழுவும். ஸ்கோர் எழுதுபவர் மனம் வைத்தால் மூன்றாம் கட்டத்தில் ஒன்று ஏறும். அந்த வகையிலாவது அவுட்ஃபீல்டில் நடந்த ஒரு சங்கதி பலகைக்கு வந்து சேரும்.