யானையே போகும்

பாலம் போட்டு முடித்ததும் அண்ணாச்சி செய்கிற முதல் காரியம், வலது காலைத் தூக்கி நடுப்பாலத்தில் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி. தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். இன்னொரு மிதி. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறிவிப்பார்: "யானையே போகும் வே!"

இலஞ்சி, வல்லம், ஆயிரப்பேரி, பண்பொழி என்று எந்த ஊர் வயக்காட்டில் கேட்டாலும் இப்படி ஒருவரைக் கைகாட்டுவார்கள். அதனால் நான் யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கே மலை இருக்கும்வரை எங்கள் பக்கம் ஓடைக்குப் பஞ்சமில்லை. ஓடை இருக்கும்வரை அண்ணாச்சிக்கும் பஞ்சமில்லை. சித்திரையில் டிராக்டர் ஓடைக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறிவிடும். ஆனியில் சாரல் பிடித்து ஐந்தருவியில் தண்ணீர் விழத் தொடங்கினால் ஓடையில் இடுப்பளவு ஓடும். கார் நடவுக்குத் தொளி உழ வண்டி வந்தாக வேண்டும். குளத்தங்கரையைச் சுற்றி வரச் சொன்னால், சுற்றுவழிக்கும் சேர்த்து மணிக்கணக்குப் போட்டு வாடகை கேட்பான் டிரைவர். பாலம் கேட்டு ஊரார் கொடுத்த மனுவோ ஏதோ ஒரு ஃபைலில் சுகமாக இருக்கிறது. அண்ணாச்சி அவதரிக்கிற இடம் இதுதான்.

சாமான் சேர்க்கிற கதையை விரித்தால் பத்திரிகை தாங்காது. முறிந்த கரண்டு கம்பம், இரும்புக்கடைத் தண்டவாளத் துண்டு, இடித்த வீட்டுக் கல், ஆரியங்காவுக் கணவாய் வழியே அடிக்கிற ஆடிக்காற்றில் சாய்ந்த பனை. நிற்கிற பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு சொல்லிவிட்டதால், இந்த ஆடியில் எது சாயும் என்று ஆனியிலேயே அண்ணாந்து பார்த்துக் குறித்து வைத்திருப்பார். உங்கள் கொல்லையில் ஏதாவது நீளமாகக் கிடந்தால், அவர் கணக்கில் அது ஏற்கெனவே பாலம்தான்.

சொல்ல வந்தது அந்த மிதியைப் பற்றி. அவர் படித்த எஞ்சினியரிங் முழுவதும் அந்தக் குதிகாலில்தான் இருக்கிறது. கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்க மேடை ஏறியவர், மாப்பிள்ளை கையில் கவரைக் கொடுக்குமுன் ஒரு மிதி மிதித்தார். பொண்ணு, மாப்பிள்ளை, பூ ஜோடனை எல்லாம் ஒரு குலுங்கு குலுங்கி நின்றன. "சட்டம் பத்தாது, ஓய்" என்று பந்தல்காரரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில், எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருக்க இவர் மட்டும் மச்சுக்கு ஏறினார். கீழே இருந்தவர்கள் தலைக்குமேல் தொம், தொம் என்று கேட்டது. இறங்கி வந்து, "கம்பி கொறச்சுக் கட்டியிருக்கான்" என்றார். சம்பந்தம் அதோடு நின்றது.

திருநெல்வேலிக்கு ஜவுளி எடுக்கப் போனாலும் விடமாட்டார். தாமிரபரணியின் குறுக்கே கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டு 1843இல் கட்டின பாலம் இருக்கிறதே, அதுதான் அண்ணாச்சிக்குக் குலதெய்வம். பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருக்க, ஓரமாக நின்று மிதித்துப் பார்த்துவிட்டு, "முதலியாரு நல்லாத்தான் போட்டிருக்காரு" என்று சர்டிபிகேட் கொடுத்தார். சபரிமலைக்குப் போகிற வழியில் புனலூரில் வண்டியை நிறுத்தச் சொன்னார். 1877இல் வெள்ளைக்காரன் சங்கிலியில் தொங்கவிட்ட பாலம். இரண்டு மிதி.

"இது ஆடுதே!"

"அண்ணாச்சி, அது தொங்குபாலம்."

"தொங்குனா ஆடணுமா வே?"

மாலை போட்ட சாமி என்பதால் யாரும் பதில் சொல்லவில்லை.

இந்தச் சோதனையில் ஒரு சின்னக் கணக்கு இடிக்கிறது. அண்ணாச்சி அறுபது கிலோ. மெஸ்ஸி 1035 டிராக்டர் வெறும் வண்டியே ஒன்றே முக்கால் டன் பக்கம் வரும். பின்னால் ரோட்டாவேட்டர் தொங்கினால் இரண்டு டன்னைத் தாண்டும். அதில் பெரும்பங்கு பின்சக்கரம் இரண்டுக்கும் அடியில்தான் இறங்கும். இதை டிரைவர் பையன்கள் படிக்காமலே அறிந்து வைத்திருக்கிறார்கள். "நீங்க சாவியப் பிடிங்க அண்ணாச்சி, நான் மிதிச்சுக் காட்டுதேன்" என்று ஒருவன் சொன்னான். அன்றைக்கு அண்ணாச்சிக்கு முட்டுவலி வந்துவிட்டது.

யானை விஷயமும் சொல்ல வேண்டும். எங்கள் மலையடிவாரத்தில் அது வெறும் பேச்சு இல்லை. வடகரை, மேக்கரைப் பக்கம் தென்னையும் வாழையும் வைத்தவர்களைக் கேளுங்கள். ஒரு ராத்திரி நிஜமாகவே ஒன்று இறங்கி வந்தது. விடிந்ததும் ஊரே தடம் பார்க்கப் போயிற்று. தடம் நேரே பாலத்தடி வரை வந்திருந்தது. பாலத்தின் மேல் முன்னங்கால் அச்சு ஒன்று, ஒன்றே ஒன்று, அழுந்தப் பதிந்திருந்தது. அதன்பின் தடம் பின்வாங்கி, பக்கத்தில் ஓடைக்குள் இறங்கி, அக்கரை ஏறி, அண்ணாச்சியின் வாழைக்குள் போயிருந்தது. அண்ணாச்சி வெகுநேரம் அந்த அச்சைப் பார்த்தார். "அதுக்குத் தண்ணி தவிச்சிருக்கும் வே" என்றார்.

சிரித்தது போதும், இனி வழக்குக்கு வருகிறேன். பனந்தடிப் பாலம் ஓர் ஐப்பசி மழையில் போனது. போனதும் அண்ணாச்சி, "1869 வெள்ளத்துல முதலியாரு பாலத்துக்கே கண்ணு ஒடைஞ்சுதான் போச்சு" என்று வரலாறு சொன்னார். சொல்லிவிட்டு, இந்த முறை போகாத பாலம் போட்டார். இரண்டடிச் சிமெண்டுக் குழாய் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, சுற்றிலும் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கிவிட்டார். குதிகாலுக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ஓடை எட்டடி அகலம். மூன்றடி உயரம் தண்ணீர் வந்தால் அதற்கு வேண்டிய வழி 24 சதுர அடி. இரண்டு குழாயும் சேர்ந்து கொடுக்கிற வழி ஆறே கால். அதிலும் வாழைத்தண்டு, தென்னமட்டை, சீசனுக்கு வந்தவர்கள் விட்டெறிந்த பிளாஸ்டிக் பை எல்லாம் குழாய் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? கரையை அரித்துக்கொண்டு பக்கத்து வயலுக்குப் போகும். பக்கத்து வயல் என்னுடையது. பிசானத்துக்கு விட்டிருந்த நாற்று மணலுக்கு அடியில் போய்விட்டது. கேட்டதற்கு, "பாலம் நிக்குதுல்லா?" என்றார். நிற்கிறது. பாலம் போயிருந்தால் என் நாற்று பிழைத்திருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்லாமல் இருப்பது தர்மமில்லை. காலையில் அந்தப் பாலத்தில்தான் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். புல்லுக்கட்டோடு வருகிற அக்காமார் தொடைவரை நனையாமல் வீடு சேருகிறார்கள். என் உரமூட்டையும் அதன்மேல்தான் வருகிறது. அண்ணாச்சி ஒருவரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. கல்வெட்டு வைக்கவில்லை. ஊர் மனு இன்னும் ஃபைலில்தான் இருக்கிறது.

அதனால் அண்ணாச்சி, ஒமக்கே நேராகச் சொல்லுதேன். ஓடைப் புறம்போக்குக்கு அனுமதி கேட்கப் போகிறபோது, விவரம் தெரிந்த எஞ்சினியர் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போம். கரைக்குக் கரை கல்லுக்கட்டு எழுப்பி, நடுவில் ஒன்றும் நிறுத்தாமல், மேலே கம்பி கட்டின காங்கிரீட் பலகை போடும். மேலே நின்று மிதித்தது போதும். ஒருதரம் அடியில் குனிந்து பாரும். அந்தக் குழாய் இரண்டையும் ஐப்பசிக்கு முன்னால் எடுத்துவிடும். எடுக்கிற கூலியில் பாதி நான் தருகிறேன்.