32 ஜிபிக்கு என்ன வேலை கொடுப்பது?

கேள்வி: என் பழைய லேப்டாப்பில் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கோடு 32 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் இருக்கிறது. விண்டோஸை அதில் போட்டுவிடலாமா, கேஷாகவே விடலாமா?

பதில்: விண்டோஸ் 10 என்றால் கேஷாகவே இருக்கட்டும். 2019 மே பதிப்பிலிருந்து அது கேட்கும் குறைந்தபட்ச இடமே 32 ஜிபி. உங்கள் எஸ்.எஸ்.டி.யோ விண்டோஸ் கணக்கில் 29 சொச்சம்தான் காட்டும். ஒண்டுக்குடித்தனத்தில் கல்யாணக் கூட்டத்தை இறக்கினால் யார் எங்கே படுப்பது?

இன்டெல் 2011-இல் கொண்டுவந்த ‘ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ்’ என்ற கேஷ் வசதி இப்படிப்பட்ட குட்டி டிஸ்க்குக்கென்றே வந்தது. நீங்கள் அடிக்கடி தொடுவதை மட்டும் எஸ்.எஸ்.டி.யில் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். குரோம் முதல் தடவை வழக்கம்போல் முக்கி முனகித்தான் திறக்கும். பழகியபின் பாருங்கள், ஹார்ட் டிஸ்க்கின் கரகரப்பே குறைந்துவிடும்.

ஆனால் அதன் ‘மேக்ஸிமைஸ்டு’ மோடு வேண்டவே வேண்டாம். அதில் நீங்கள் சேமித்தது ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்ச் சேராமல் கொஞ்ச நேரம் எஸ்.எஸ்.டி.யிலேயே தங்கும். அந்த நேரம் பார்த்து அது படுத்தால் ஃபைலும் போச்சு. ‘என்ஹான்ஸ்டு’ போதும், வேகம் சற்றுக் குறைந்தாலும் நிம்மதி.

லேசான லினக்ஸுக்கு 32 ஜிபி தாராளம். தைரியமாக அதிலேயே பூட் செய்யுங்கள். கையில் காசிருந்தால் ஹார்ட் டிஸ்க்கையே கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்.எஸ்.டி. போடுங்கள், முதலில் கேஷை அணைத்துவிட்டு.