கேட்கிறவருக்குக் கூச்சமில்லை

இன்டர்வியூவில் ஏடாகூடமான கேள்வி வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித்தர பெங்களூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. சிரித்த முகம் மாறக் கூடாதாம். ‘நல்ல கேள்வி சார்’ என்று ஆரம்பிக்க வேண்டுமாம். பிரேசர் டவுனில் டிகிரி முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த மந்திரத்தை மாமா ஓதுகிறார், யூடியூப் ஓதுகிறது, ஏதோ ஒரு கம்பெனியில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணன் ஓதுகிறார். கேட்கக் கூடாததைக் கேட்காதே என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. கல்லெறிகிறவனை விட்டுவிட்டு, அடிபடுகிறவனுக்குக் குனியக் கற்றுக்கொடுக்கிறோம்.

மாஸ்க் (மசூதி) ரோட்டுப் பெண் ஒருத்தி இன்டர்வியூவுக்குப் போகிறாள் என்று வையுங்கள். ரெஸ்யூமேயில் விலாசம் பின்கோடோடு அச்சாகியிருக்கிறது. ஆனாலும் கேட்பார்கள்: “பிரேசர் டவுன்ல எந்தப் பக்கம்மா?” கோல்ஸ் பார்க் பக்கம் என்றால் ஒரு ‘ஓ’. மாஸ்க் ரோடு என்றால் அது ‘ஓஹோ’வாக நீளும். பெயரை வைத்து மதம் பிடிபடவில்லை என்றால் தெருவை வைத்தாவது பிடிக்க வேண்டாமா? பிறகு அசடு வழிய, “ரம்ஜான் சமயத்துல அங்க சாப்பாடு பிரமாதமாச்சே!” என்பார்கள். நோன்பு மாதத்தில் ஹலீமுக்காக ஒயிட்ஃபீல்டிலிருந்து நடுராத்திரி காரெடுத்து வருகிற கூட்டம்தான் இது. சாப்பிட வரலாம், அந்தத் தெருவிலிருந்து ஒருத்தி வேலைக்கு வந்தால் மட்டும் விசாரணை. அதே பேட்டையில் 1902-லிருந்து இருக்கிற ஆல்பர்ட் பேக்கரியில் மூளை வைத்த பஃப்ஸ் பிரசித்தம். ஹெச்.ஆர். டிபார்ட்மென்டுகளுக்கு டஜன் கணக்கில் பார்சல் அனுப்பிப் பார்க்கலாம்.

அடுத்தது, “நேட்டிவ் எங்கே?” “இங்கேதான் சார்.” “அதில்லம்மா, ஒரிஜினலா?” 1898-இல் பெங்களூரைப் பிளேக் உலுக்கிய பிறகு, கண்டோன்மென்ட் நெரிசலைக் குறைக்க உண்டாக்கிய பேட்டை இது. மைசூரின் இளம் மகாராஜாவுக்கு வாத்தியாராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை வைத்தார்கள். இப்போது அரசு ஏட்டில் புலிகேசி நகர். (வாதாபிக் கணக்கைத் தமிழர்களிடம் இப்படித்தான் தீர்க்க வேண்டுமா என்று தெரியவில்லை.) தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண், பள்ளியில் கன்னடம் படித்தவள், ‘ஒரிஜினலாக’ எங்கே போவாள்? 2024 ஜூலையில் தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கீடு தரும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கம்பெனிகள் கூச்சல் போட்டதும் சில நாளிலேயே கிடப்பில் போட்டது. இந்த மண்ணில் பிறந்து, 15 வருடம் வாழ்ந்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவர் உள்ளூர்க்காரர் என்றது அந்த மசோதா. அந்தக் கணக்குப்படி இவள் உள்ளூர். எதிரே இருக்கும் மேனேஜர் பெரும்பாலும் நேற்று வந்தவர். ஊர் கேட்கும் அதிகாரம் என்னவோ அவருக்குத்தான்.

“அப்பா என்ன பண்றார்? ஃபேமிலி பேக்ரவுண்ட் கொஞ்சம் சொல்லுங்க” என்று தேன் தடவிக் கேட்கிறார்களே, அதைச் சாதாரணக் குசலம் என்று நினைத்துவிடாதீர்கள். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்துப் பெரிய நிறுவனங்களின் 25 ஹெச்.ஆர். மேலாளர்களிடம் பேசி, 2007-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதினார்கள். திறமை ஒன்றுதான் அளவுகோல் என்று சத்தியம் செய்த அதே வாய்கள், குடும்பப் பின்னணி மிக முக்கியம் என்றும் கூசாமல் சொல்லியிருந்தன. சாதி என்ற சொல்லை உச்சரிக்காமல் சாதியைத் தெரிந்துகொள்ளும் வித்தைக்கு கார்ப்பரேட் வைத்த பெயர் பேக்ரவுண்ட். அதற்கும் வழிக்கு வரவில்லை என்றால் கேன்டீன் பேச்சு போல ஒன்று வரும்: “நீங்க வெஜ்ஜா?”

பெண்களிடம் கேட்கும்போது இந்தத் தேனும் தேவைப்படுவதில்லை. மாதவிலக்கு ஒழுங்காக, வலியில்லாமல் வருகிறதா? கடைசியாக எந்தத் தேதி? எத்தனை முறை கருத்தரித்தீர்கள்? கருச்சிதைவு உண்டா? இது பிரசவ ஆஸ்பத்திரி அட்டை இல்லை. எல்.ஐ.சி. வேலையில் சேர வந்த பெண்களிடம் நீட்டிய படிவம். நீரா மாத்தூர் என்பவர் அதைப் பூர்த்தி செய்து வேலையில் சேர்ந்தார். பிரசவ விடுப்பில் இருந்தபோதே அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். கடைசி விலக்குத் தேதியைப் பொய்யாக எழுதினாராம்! 1991 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நீதிபதி ஜகந்நாத ஷெட்டி அமர்வு, இவை பெண்ணைக் கூச வைக்கும், அவமானப்படுத்தும் கேள்விகள் என்று சொல்லி அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்து நீக்கச் சொன்னது. சரியாக முப்பது வருடம் கழித்து ஸ்டேட் பாங்க், மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாயிருப்பவர் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்’ என்று விதி போட்டது. 2022 ஜனவரியில் எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் நிறுத்தி வைத்தது.

அதற்கும் முன்னால் விராஜ்பேட்டைக்காரரான சி.பி. முத்தம்மா இருக்கிறார். சென்னையில் படித்தவர், 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்துவிடுகிறேன் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பதவி உயர்வை மறுத்தபோது கோர்ட்டுக்குப் போனார். கல்யாணமான ஆணின் குடும்பச் சுமை வேலைக்கு இடைஞ்சல் இல்லையா என்கிற பாணியில் 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அரசாங்கத்தை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

இந்த வழக்குகளிலிருந்து நம் நிறுவனங்கள் ஒரு பாடம் படித்தன. கேட்பதை நிறுத்தவில்லை, எழுதுவதை நிறுத்திவிட்டன. எல்.ஐ.சி. மாட்டியதே அச்சடித்ததால்தானே? 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி ஞாபகம் இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு வேலை தேடி வந்த அக்கா தங்கையை வாசல் காவலாளியே கேட்டாராம்: “கல்யாணம் ஆயிடுச்சா?” ஆச்சு என்றதும் அப்படியே திரும்ப வேண்டியதாயிற்று. தாலியும் மெட்டியும் உலோகம், உற்பத்திக்கு இடைஞ்சல் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பாரபட்சமே இல்லை, புதிதாக எடுத்தவர்களில் கால்வாசிப் பேர் கல்யாணமான பெண்கள் என்று நிறுவனம் மறுத்தது. சாவித்திரியின் தாலிக்கு எமனே பணிந்தான் என்று கதை கேட்டு வளர்ந்தோம். இப்போது ஐபோனும் பணிகிறதாம், கேட்டை மூடிக்கொண்டு.

சமாளிக்கச் சொல்லித்தருகிற மகான்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? “இப்போதைக்குக் கல்யாண ஐடியாவே இல்லை சார், கரியர்தான் முக்கியம்” என்று சொல்லும்மா என்கிறார்கள். வீட்டில் ஜாதகம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆக, முதல் நாளே பொய். நீரா மாத்தூரை அனுப்பியது எதற்கு? அப்படி ஒரு பொய்க்குத்தான். கேட்கக் கூடாததைக் கேட்டுப் பொய் சொல்ல வைப்பார்கள். பிறகு நேர்மை போதாது என்று வெளியே தள்ளுவார்கள். நேர்மையைப் பற்றிப் பேச இவர்களுக்கு நாக்கு கூசாது. 2022-இல் ஆஃபர் கொடுத்த பட்டதாரிகளில் பல நூறு பேரை இன்ஃபோசிஸ் சேர்த்துக்கொண்டதே 2024 அக்டோபரில்தான்; 2025 பிப்ரவரியில் உள்தேர்வில் தேறவில்லை என்று முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை மைசூர் வளாகத்திலிருந்து அனுப்பியது. அந்தப் பிள்ளைகள் போகிற அடுத்த கம்பெனியில் முதல் கேள்வி என்ன தெரியுமா? “ரெண்டு வருஷம் கேப் ஏன்?”

எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். கல்யாணம், கர்ப்பம், அப்பா தொழில், ஒரிஜினல் ஊர், வெஜ்ஜா நான்வெஜ்ஜா எல்லாம் வேலைக்கு அவசியமான கேள்விகள் என்று நீங்கள் மனதார நம்புகிறீர்கள் அல்லவா? அப்படியானால் காபி கோப்பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஏன் கேட்க வேண்டும்? லெட்டர்ஹெட்டில் டைப் அடியுங்கள். கம்பெனி முத்திரை வையுங்கள், கீழே ஹெச்.ஆர். தலைவர் பெயரெழுதிக் கையெழுத்துப் போடட்டும். வேலைக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு காப்பி கொடுங்கள். பிரேசர் டவுனில் ஜெராக்ஸ் கடைக்கா குறைச்சல்? செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.