அண்ணாச்சியின் கடன் நோட்டு

கேள்வி: பி.காம். முதலாமாண்டு சேர்ந்திருக்கிறேன். இப்போதிருந்தே வேலைக்குத் தயாராவது எப்படி?

பதில்: தெருமுனை அண்ணாச்சி கடையில் சோப்பு வாங்கினால் பில்லையும் கேட்டு வாங்குங்கள். அது ஜி.எஸ்.டி. பில்லாக இருந்தால், சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று வரி சரிபாதியாகப் பிரிந்திருக்கும். ஏன் என்று வகுப்பில் கேளுங்கள். அவருடைய கடன் நோட்டில் உங்கள் வீட்டுப் பாக்கி உங்களுக்குக் கடன், அவருக்குச் சொத்து. 1494-ல் லூக்கா பச்சோலி அச்சிலேற்றிய இரட்டைப் பதிவு முறையே எண்ணெய்க்கறை படிந்த அந்தப் பக்கத்தில் புரிந்துவிடும்!

வகுப்பில் போட்ட கணக்கை அன்றிரவே, புத்தகத்தை மூடிவைத்துப் போட்டுப் பாருங்கள். தேர்வுக்கு முதல்நாள், "மச்சான், நோட்ஸ் இருக்கா?" என்பது கந்துவட்டிக் கடன். டேலி மென்பொருளை அப்புறம் பழகலாம். பற்று எது, வரவு எது என்று அது சொல்லித்தராது. ஆமாம், தமிழக அரசின் 'நான் முதல்வன்' பயிற்சிக்குப் பெயர் பதிந்தாயிற்றா?