ஜோன்ஸும் முருங்கைக்கீரையும்

கிளியனூர்க்காரனுக்கு ஒளிந்து மறைந்து போகிற வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஊர் வழியே போவது திண்டிவனம் – புதுச்சேரி சாலை. புதுச்சேரிப் பக்கம் சரக்கு மலிவு; இந்தப் பக்கம் மதுவிலக்குப் போலீஸ். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் கையில்தான் நார்வேக்காரர்கள் செய்த 'ஐஜிஐ' என்கிற கம்ப்யூட்டர் ஆட்டம் வந்து சிக்கியது. இடம், திண்டிவனத்தில் ஒரு ப்ரௌசிங் சென்டர். மணிக்கு 20 ரூபாய். வீட்டில் அதற்கு டியூஷன் என்று பெயர்.

2000 டிசம்பரில் வந்த ஆட்டம். டேவிட் ஜோன்ஸ் என்று ஒரே ஆள், 14 மிஷன், எதிரே ஒரு படை. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைச் செய்த இன்னர்லூப் கம்பெனி, போர்விமான ஆட்டத்துக்கு என்று செய்த எஞ்சினையே இதற்கும் மாட்டியதால், கண்ணுக்கெட்டிய மட்டும் நிலம். மேட்டில் குப்புறப் படுத்து பைனாகுலரில் காவல்காரர்களை எண்ணலாம். எவன் எப்போது முதுகைக் காட்டுகிறான் என்று பார்த்து, இறங்கி, கேமராவை அணைத்து, உள்ளே நழுவலாம். மல்லாட்டைக் கொல்லையில் ராத்திரிக் காவலுக்குப் படுத்தவனுக்கு அந்தச் சுகம் தெரியும்.

வயிற்றெரிச்சல் இனிமேல்தான். மிஷனுக்கு நடுவே சேவ் பண்ண முடியாது. முக்கால் மணி நேரம் ஊர்ந்து, கடைசிக் கதவில் ஒரு குண்டு பட்டால் பழையபடி முதல் வேலி. ஜோன்ஸ் பிழைத்தாலும் கரண்டு பிழைக்காது. 2003-இல் வந்த இரண்டாம் பாகத்தில் சேவ் கொடுத்தார்கள், அதையும் ரேஷன் சர்க்கரை மாதிரி அளந்து. இன்னொன்று அலாரம். அடித்துவிட்டால் போதும், தீப்பெட்டி அளவு கொட்டகைக்குள்ளிருந்து ஆள் வந்துகொண்டே இருப்பான். கல்யாணத்தில் பந்திக்கு முந்துகிற கூட்டம்கூட ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிடும்.

ஆனால் ஜோன்ஸின் பெரிய குறை வேறு. அவனுக்கு எதிரியிடம் பேசத் தெரியாது. காவல்காரனைக் கண்டால் ஒளிவான், இல்லையேல் சுடுவான். பேசியே தப்பிக்கிற வித்தையை நான் பார்த்தது நிஜத்தில். ஒருநாள் பாண்டியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். மடியில் கட்டைப்பை, வாய்வரை முருங்கைக்கீரை. சோதனைக்கு நிறுத்தினார்கள்.

"இன்னா பெருசு, பையில?"

"கீரை சாமி. மருமவ புள்ளத்தாச்சி. வெயில்ல இப்பிடி நிக்கிறியே, சாப்ட்டியா?"

போலீஸ்காரர் முகம் இளகிப் படியில் இறங்கினார். டென்ஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது நான்தான். பெரியவர் கொட்டாவி விட்டார். பஸ் நகர்ந்தது. பத்தடி தள்ளி ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியதும் கீரைக்கு அடியிலிருந்து 'கிளிங்' என்று ஒரு சத்தம்.

விசில் ஊதினார்கள். பஸ் நின்றது. பூட்ஸ் சத்தம் படியேறியது. பெரியவர் என் பக்கம் திரும்பி, வெகு அன்பாகச் சொன்னார்:

"தம்பி, இந்தப் பைய செத்த மடியில வெச்சிக்கோ. ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்."